ராத்திரி பத்துலேருந்து காலைல எட்டு வரைக்கும் எத்தனை மணி நேரம்?

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுத் தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த மேட்டர் இது. கொஞ்சம் நீளமான பதிவுதான். டீயோ காப்பியோ கையில எடுத்துக்கிட்டு உக்காருங்க மக்களே.

தலைப்புல இருக்கற கேள்வியைப் பாத்தா ஒண்ணாங்கிளாஸ் கணக்கு மாதிரி இருக்கும். பத்து மணி நேரம். விரல் விட்டு எண்ணினாலும் பத்துதான். ஆனா ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, அக்டோபர் மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை விடியக்காலைல, இங்கிலாந்துல ஒரு பார்சல் கிடங்குல நின்னுக்கிட்டு நான் எண்ணினப்போ பதினொண்ணு வந்துச்சு.

படிக்க வந்த பசங்க எல்லாரும் செய்யறதுதான். வெள்ளி ராத்திரி ஒண்ணு, சனி ராத்திரி ஒண்ணு, வாரத்துக்கு ரெண்டு ஷிப்ட். பத்தும் பத்தும் இருபது. அதுல ஒரு காரணம் இருக்கு. இங்க மாணவர் விசாவுல வந்தவங்க, வகுப்பு நடக்கற வாரங்கள்ல 20 மணி நேரத்துக்கு மேல வேலை பாக்கக் கூடாது. வாரம்னா திங்கள்லேருந்து ஞாயிறு வரைக்கும். இருபத்தொண்ணு ஆச்சுன்னா விசா விதிமீறல்.

அந்த சனிக்கிழமை ராத்திரி 1:59-க்கு அப்புறம் கிடங்குச் சுவத்துல இருந்த கடிகாரம் 2:00 காட்டலை. மறுபடியும் 1:00 காட்டுச்சு. கோடை நேரம் முடிஞ்சு கடிகாரத்தைப் பின்னால தள்ளற ராத்திரி அது. ஒண்ணரை மணிங்கறது ஒரே ராத்திரியில ரெண்டு தடவை வந்துச்சு. காலைல எட்டு மணிக்கு அட்டையைத் தேய்ச்சுட்டு வெளிய வந்தேன். மாசக் கடைசியில சம்பளச் சீட்டைப் பாத்தா, அந்த வாரத்துக்கு 20.00 மணி நேரம்னு போட்டிருந்துச்சு. உழைச்சது 21.

கேட்டா ஒரு மணி நேரக் காசு வரும். ஆனா கேட்டா, "நான் 21 மணி நேரம் வேலை பாத்தேன்"னு நானே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும். வாயை மூடிக்கிட்டு இருந்துட்டேன். ஆனா மண்டைக்குள்ள மட்டும் குடைச்சல் நிக்கலை. அந்த மென்பொருள் என்ன கணக்குப் போட்டிருக்கும்? உள்ளே வந்தது 22:00, வெளியே போனது 8:00, கழிச்சா பத்து. அவ்வளவுதான். நடுவுல கடிகாரத்தையே ஒருத்தர் பின்னால தள்ளினார்ங்கற விஷயம் அதுக்குத் தெரியாது. அதைத் தெரிஞ்சுக்கணும்னா அதுக்குக் கணக்கு மட்டும் போதாது, சரித்திரமும் வேணும்னு அப்புறம்தான் புரிஞ்சுது.

*

யார் ஆரம்பிச்ச வேலை இது? பெஞ்சமின் பிராங்ளின்னு பல பேர் சொல்லுவாங்க. அவர் 1784-ல பாரீஸ்காரங்களைக் கிண்டல் பண்ணி, சீக்கிரம் எழுந்தா மெழுகுவர்த்திச் செலவு மிச்சம்னு எழுதினது நிஜம். ஆனா கடிகாரத்தை மாத்தச் சொல்லலை. மாத்தலாம்னு 1895-ல சொன்னவர் நியூசிலாந்துல ஜார்ஜ் ஹட்சன். வெலிங்டன் தபால் ஆபீஸ்ல ஷிப்ட் வேலை பாத்துக்கிட்டே பூச்சி சேகரிச்ச மனுஷன். வேலை முடிஞ்சப்புறம் சாயங்காலம் வெளிச்சம் இருந்தா இன்னும் நிறைய பூச்சி பிடிக்கலாமேன்னு, ரெண்டு மணி நேரம் நகர்த்தச் சொன்னார். ஷிப்ட் வேலைக்காரர் யோசனைங்கறதால எனக்கு அவர் மேல தனிப் பாசம் :-)

இங்கிலாந்துல அதைத் தானா யோசிச்சவர் வில்லியம் வில்லெட், லண்டன் பக்கம் வீடு கட்டி விக்கற கட்டடக்காரர். 1905 கோடையில விடியக்காலை குதிரை மேல போறப்போ, சூரியன் நல்லா ஏறின பிறகும் ஜன்னல் திரையை மூடிக்கிட்டுத் தூங்கற வீடுகளைப் பாத்திருக்கார். 1907-ல சொந்தச் செலவுல ஒரு சின்னப் புத்தகம் போட்டார். அவர் திட்டம் என்னன்னு கேளுங்க: ஏப்ரல்ல நாலு ஞாயித்துக்கிழமை, ஒவ்வொண்ணுலயும் 20 நிமிஷம் முன்னால தள்ளணும். மொத்தம் 80 நிமிஷம். செப்டம்பர்ல அதே மாதிரி நாலு தடவை பின்னால. வருஷத்துக்கு எட்டு தடவை! இது மட்டும் சட்டமாகியிருந்தா இன்னைக்குப் பொட்டி தட்டற நண்பர்கள் பாதிப் பேர் சாமியாராப் போயிருப்பாங்க.

1908-ல மசோதா வந்துச்சு, தேறலை. வில்லெட் 1915-ல இறந்துட்டார். அடுத்த வருஷமே அது நடந்துச்சு. நடத்திக் காட்டினது உலக யுத்தம். நிலக்கரியை மிச்சம் பிடிக்க ஜெர்மனியும் ஆஸ்திரியா-ஹங்கேரியும் 1916 ஏப்ரல் 30 ராத்திரி கடிகாரத்தைத் தள்ளினாங்க. எதிரி செஞ்சதைப் பாத்து மூணே வாரத்துல, 1916 மே 21-ல பிரிட்டனும் தள்ளுச்சு. லண்டன் பக்கம் பெட்ஸ் வுட்ல வில்லெட்டுக்கு ஒரு சூரியக் கடிகாரம் நினைவுச் சின்னமா வச்சிருக்காங்க. அது கோடை நேரத்தை மட்டும்தான் காட்டும்.

அதுக்கப்புறம் பிரிட்டன்ல நடந்த கூத்தை ஒரு நிரலா எழுதணும்னு நினைச்சுப் பாருங்க. 1925-ல வந்த சட்டப்படி கோடை நேரம் ஏப்ரல் மூணாவது சனிக்கிழமைக்கு அடுத்த நாள் ஆரம்பம். அந்த நாள் ஈஸ்டரா இருந்தா, ரெண்டாவது சனிக்கிழமைக்கு அடுத்த நாள். அதாவது, கடிகாரத்துக்கு ஈஸ்டர் எப்போன்னு தெரியணும். ரெண்டாம் உலக யுத்தத்துல 1940 குளிர்காலத்துல கடிகாரத்தைப் பின்னால தள்ளவே இல்லை. 1941-லேருந்து கோடையில மேல இன்னொரு மணி நேரம் ஏத்தி "இரட்டைக் கோடை நேரம்". யுத்தம் முடிஞ்சும் விடலை. எரிபொருள் தட்டுப்பாடுன்னு 1947-ல அதே இரட்டை நேரம் திரும்ப வந்து, அந்த ஒரே வருஷத்துல நாலு தடவை கடிகாரத்தை மாத்தினாங்க.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது 1968. இனிமே வருஷம் பூரா கோடை நேரமே இருக்கட்டும்னு ஒரு சோதனை. அந்த வருஷம் அக்டோபர்ல பின்னால தள்ளலை. ஸ்காட்லாந்துல காலைல ஒன்பது மணி தாண்டியும் இருட்டு, பள்ளிக்கூடம் போற பிள்ளைங்க கதி என்னன்னு சத்தம் வந்துச்சு. 1970 டிசம்பர்ல பாராளுமன்றத்துல வாக்கெடுப்பு நடந்து, 1971 அக்டோபர் 31-ல பழையபடி கிரீன்விச் நேரத்துக்குத் திரும்பினாங்க.

இதுக்கும் கணினிக்கும் என்ன சம்பந்தம்? யுனிக்ஸ் வழியில வந்த கணினி எல்லாம் நேரத்தை ஒரே ஒரு எண்ணா வச்சிருக்கும். 1970 ஜனவரி 1, உலகப் பொது நேரம் நள்ளிரவு பூஜ்ஜியம். அங்கேருந்து எத்தனை நொடி ஆச்சுங்கற எண்ணிக்கை. அந்தப் பூஜ்ஜியம் கிரீன்விச் கணக்குப்படி நள்ளிரவு. ஆனா அந்த நிமிஷத்துல கிரீன்விச் ஊர்க் கடிகாரம் காட்டினது விடியக்காலை ஒரு மணி! மேல சொன்ன சோதனை அப்போ நடந்துக்கிட்டு இருந்துச்சுல்ல. பிரிட்டன்ல நிரல் எழுதி, பூஜ்ஜியத்தைத் தேதியா மாத்தி, 01:00னு வர்றதைப் பாத்து "நம்ம நிரல்ல பிழை"ன்னு ராத்திரி பூரா தேடினவங்க உண்டு. நிரல்ல பிழை கிடையாது. 1970-ல ஆட்சியில இருந்தவங்க எடுத்த முடிவு அது.

*

நேர வித்தியாசத்தை நாம எல்லாருமே ஒரு எண்ணா நினைச்சு வச்சிருக்கோம். எங்க அம்மா கணக்கு எளிது. வெயில் காலம்னா நாலரை, குளிர் காலம்னா அஞ்சரை. இந்தியா கடிகாரத்தை மாத்தறதில்லை, அதனால ஒரு பக்கம்தான் ஆடும். ரெண்டு பக்கமும் ஆடற ஊர்களை எடுத்தா இன்னும் வேடிக்கை. லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் அஞ்சு மணி நேரம்னு மனப்பாடமா வச்சிருப்போம். 2005-ல அமெரிக்கா ஒரு எரிசக்திச் சட்டம் போட்டு, 2007-லேருந்து கோடை நேரத்தை மார்ச் ரெண்டாவது ஞாயித்துக்கிழமையிலேருந்து நவம்பர் முதல் ஞாயித்துக்கிழமை வரைக்கும் நீட்டினாங்க. ஐரோப்பாவுல மார்ச் கடைசி ஞாயிறுலேருந்து அக்டோபர் கடைசி ஞாயிறு வரைக்கும். அதனால மார்ச்ல ரெண்டு மூணு வாரமும், அக்டோபர் கடைசியில ஒரு வாரமும் வித்தியாசம் நாலு மணி நேரம்தான்.

அமெரிக்காவுல 1966-ல பொதுச் சட்டம் வர்றதுக்கு முன்னாடி இன்னும் மோசம். ஒவ்வொரு ஊரும் தன் இஷ்டத்துக்கு மாத்திக்கலாம். 1965-ல மினியாபொலிஸ், செயின்ட் பால்னு பக்கத்துப் பக்கத்து ஊர்கள் ரெண்டும் ரெண்டு வாரத்துக்கு வேற வேற மணியில ஓடிச்சு. ஒஹாயோவுக்கும் மேற்கு வர்ஜீனியாவுக்கும் நடுவுல 35 மைல் பஸ் பயணத்துல ஏழு தடவை நேரம் மாறும்னு சொல்லுவாங்க. நடத்துனர் நிலைமையை நினைச்சுப் பாருங்க.

நம்ம பக்கமும் சும்மா இல்லை. 1996-ல மின்சாரத் தட்டுப்பாட்டால இலங்கை மே மாசம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால தள்ளி ஆறரைக்குப் போச்சு. அக்டோபர்ல அரை மணி குறைச்சு ஆறுக்கு வந்துச்சு. 2006 ஏப்ரல்லதான் மறுபடி அஞ்சரை. இடைப்பட்ட வருஷங்கள்ல புலிகள் கட்டுப்பாட்டுல இருந்த பகுதிகள் பழைய நேரத்துலயே இருந்துச்சு. ஒரே தீவுல, நீங்க எந்தப் பக்கம் நிக்கறீங்கங்கறதைப் பொறுத்து மணி மாறும். "இலங்கை நேரம்"னு ஒரே ஒரு எண்ணை நிரல்ல எழுதி வச்சா, அது அந்தப் பத்து வருஷத்துல எந்தப் பக்கத்துக்குச் சரியா இருந்திருக்கும்?

*

அப்போ இந்த மாத்தலை எல்லாம் யார் எழுதி வைக்கறா? அரசாங்கங்கள் எழுதி வைக்கும்னு நினைச்சேன். இல்லைங்க. 1980-கள்ல அமெரிக்காவுல ஆர்தர் டேவிட் ஓல்சன்ங்கற அரசு மருத்துவ ஆய்வு நிறுவன ஊழியர் ஆரம்பிச்சு, பிறகு கலிபோர்னியாவுல பால் எகர்ட்ங்கற கணினி ஆசிரியர் தோள் குடுத்து, உலகம் பூரா ஆர்வலர்கள் அனுப்பற தகவலால வளந்த ஒரு தரவுத்தளம் இருக்கு. உங்க கைபேசி, வலை வழங்கிகள்னு பெரும்பாலான இடத்துல ஓடறது அதுதான். நாட்டுப் பேர், மண்டலப் பேர் போட்டா நாளைக்கு மாறும்னு, கண்டமும் ஊரும் சேர்த்துப் பேர் வச்சாங்க. "ஐரோப்பா/லண்டன்", "ஆசியா/கொல்கத்தா" இப்படி.

அந்தக் கோப்புகளைத் திறந்து படிங்க, சும்மா எழுத்துக் கோப்புதான். நிரல்னு நினைச்சு உள்ளே போனா சரித்திரப் புத்தகம். ஒவ்வொரு ஊருக்கும் எந்தத் தேதியிலேருந்து எந்தத் தேதி வரைக்கும் எத்தனை மணி வித்தியாசம்னு வரிவரியா இருக்கும். பக்கத்துல குறிப்பு: எந்தச் செய்தித்தாள், எந்த அரசாணை, யார் சொன்னது. 1970-க்கு முந்தினதுல ஊகம் நிறைய இருக்குன்னு அவங்களே ஒத்துக்கறாங்க. கொல்கத்தா பேர்ல இருக்கற பதிவுல 1906-க்கு முன்னாடி என்ன இருக்கு தெரியுமா? நம்ம மெட்ராஸ் நேரம்! 5 மணி 21 நிமிஷம் 10 நொடி. ரயில்கள் அந்த மணியில ஓடின காலம் அது. படிக்கறப்போ கொஞ்சம் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன்.

அதே பதிவுல 1942 செப்டம்பர்லேருந்து 1945 அக்டோபர் வரைக்கும் ஆறரைன்னு இருக்கு. யுத்த காலத்துல இந்தியாவும் ஒரு மணி நேரம் முன்னால தள்ளி வச்சிருந்துச்சு. இதைப் படிச்சப்போதான் எங்க பாட்டி ஜாதகம் ஞாபகம் வந்துச்சு. பாட்டி பிறந்தது 1944 மார்கழி. ஆஸ்பத்திரிக் கடிகாரத்துல காலை 6:50. ஜோசியர் அதை அப்படியே எடுத்துக்கலை. "யுத்த நேரம், 1 மணி கழிக்க"ன்னு ஓரத்துல எழுதி வச்சிருக்கார். கழிச்சா 5:50. மார்கழியில அந்நேரத்துக்கு எங்க ஊர்ல சூரியன் உதிக்காது. பஞ்சாங்கப்படி நாள் ஆரம்பிக்கறது உதயத்துலதான். ஆக, 6:50ன்னு எடுத்தா ஒரு கிழமை, 5:50ன்னு எடுத்தா அதுக்கு முந்தின கிழமை. லக்கினமும் மாறலாம். ஜாதகத்துல நம்பிக்கை இருக்கோ இல்லையோ, அந்த மனுஷன் போட்டது சரியான கணக்கு. என் கிடங்கு மென்பொருள் செய்யத் தவறினதை அவர் பேனாவால அன்னைக்கே செஞ்சுட்டார்.

இது நம்ம ஊர்ல மட்டும் இல்லைங்கறதுதான் ஆச்சரியம். மேல்நாட்டுலயும் பழைய நேர மாத்தங்களைத் தேடித்தேடித் தொகுத்தவங்கள்ல முக்கியமானவங்க ஜோசியக்காரங்கதான். 1943-ல சிகாகோவுல பிறந்தவருக்கு ஜாதகம் கணிக்கணும்னா அன்னைக்கு அந்த ஊர் கடிகாரம் எப்படி இருந்துச்சுன்னு தெரிஞ்சாகணும்ல. அவங்களுக்காகத் தாமஸ் ஷாங்க்ஸ் தொகுத்த நேர அட்லஸ்களைத்தான், 1970-க்கு முந்தின விவரங்களுக்கு அந்தத் தரவுத்தளம் பெரிய அளவுல பயன்படுத்திக்கிச்சு.

அதனாலயே ஒரு வம்பும் வந்துச்சு. அந்த அட்லஸ்களோட உரிமை எங்களுதுன்னு, அஸ்ட்ரோலேப்ங்கற ஜோசிய மென்பொருள் நிறுவனம் 2011 செப்டம்பர் 30-ல ஓல்சன், எகர்ட் ரெண்டு பேர் மேலயும் வழக்குப் போட்டுடுச்சு. அக்டோபர்ல தரவுத்தளம் இருந்த வழங்கியையே மூடினாங்க. காசு வாங்காம இருபத்தஞ்சு வருஷமா உலகத்துக்கு மணி சொன்ன ரெண்டு பேருக்குக் கிடைச்ச பரிசு! ஒரு வாரம் போல கழிச்சு இணையப் பெயர்களையும் எண்களையும் நிர்வகிக்கற ஐகான் அமைப்பு பொறுப்பை எடுத்துக்கிச்சு. 2012 பிப்ரவரியில அந்த நிறுவனம் மன்னிப்புக் கேட்டு வழக்கை வாபஸ் வாங்குச்சு. எந்த ஊர்ல எந்த நாள் மணி மாறுச்சுங்கறது நடந்த சம்பவம். நடந்ததுக்கு யாரும் பட்டா போட முடியாது.

*

சரி, நிரல் எழுதறவங்க என்ன செய்யணும்? என் ஷிப்டையே வச்சுச் சொல்றேன். அட்டையைத் தேய்ச்ச நிமிஷமே உள்ளூர் மணியைப் பொது நேரமா மாத்தி எழுதிடணும். சனி ராத்திரி 22:00, கோடை நேரம், அதாவது பொது நேரம் 21:00. ஞாயிறு காலை 8:00, குளிர்கால நேரம், பொது நேரமும் 8:00. இப்போ கழிங்க. பதினொண்ணு. மார்ச்ல தலைகீழ்: 22:00-லேருந்து 7:00. ஒன்பது. பிறகு கழிக்கலாம்னு உள்ளூர் மணியை மட்டும் எழுதி வச்சா வேலைக்கு ஆகாது. அன்னைக்கு "1:30"ன்னு எழுதியிருந்தா அது எந்த ஒண்ணரைன்னு பிரம்மாவாலயும் சொல்ல முடியாது.

இது நடந்து முடிஞ்சதுக்கு. நடக்கப் போறதுக்கு வேற மருந்து. அடுத்த வருஷம் ஒரு ஊர்ல காலை ஒன்பதுக்குக் கூட்டம்னா, பொது நேரமா மாத்தி வைக்கக் கூடாது. ஒன்பது மணி, இன்ன ஊர்னு அப்படியே வைக்கணும். ஏன்னா நடுவுல அரசாங்கம் புகுந்துடும். 2018-ல மொராக்கோ அக்டோபர் 28-ல கடிகாரத்தைப் பின்னால தள்ள வேண்டியது. ரெண்டு நாள் முன்னாடி, 26-ந் தேதி, "தள்ளப் போறதில்லை, இனிமே வருஷம் பூரா இப்படித்தான்"னு முடிவு பண்ணினாங்க. அதுலயும் ரமலான் மாசத்துக்கு மட்டும் விலக்கு. அதனால அந்தத் தரவுத்தளத்துல மொராக்கோவுக்கு 2087 வரைக்கும் ரமலான் எப்போ வரும்னு கணிச்சு எழுதியிருக்காங்க. பிறை பாக்கற வேலையும் அவங்க தலையில!

2023 மார்ச்ல லெபனான் இன்னும் ஒரு படி மேல. கோடை நேரத்துக்கு மாற ரெண்டு நாள் இருக்கறப்போ, ரமலான் முடியட்டும்னு அரசாங்கம் தள்ளிப் போட்டுச்சு. மரோனைட் திருச்சபையும் பல நிறுவனங்களும் ஏத்துக்கலை. சில நாள் ஒரே ஊர்ல ரெண்டு மணி. கைபேசி எந்தப் பக்கம் சாயும்னு யாருக்கும் தெரியலை. 27-ந் தேதி அரசாங்கம் முடிவை மாத்திக்கிச்சு. தரவுத்தளக்காரங்க அவசரமா ஒரு பதிப்பு வெளியிட்டு, ஒரே வாரத்துக்குள்ள அதைத் திருப்பி எடுத்து இன்னொரு பதிப்பு வெளியிட்டாங்க.

எனக்குப் புரிஞ்சது இதுதான். ரெண்டு ஊருக்கு நடுவுல தூரம் எவ்வளவுன்னு கேட்டா நிலத்தை அளந்து சொல்லலாம். நேரம் எவ்வளவு வித்தியாசம்னு கேட்டா, "எந்தத் தேதியில?"ன்னு திருப்பிக் கேக்கணும். அந்தத் தேதியில அங்க ஆட்சியில இருந்தது யாரு, நிலக்கரி இருந்துச்சா, அணையில தண்ணி இருந்துச்சா, யுத்தம் நடந்துச்சா எல்லாம் சேந்துதான் பதில். இதை வெறும் கழித்தல்னு நினைக்கற மென்பொருள் யாரோ ஒருத்தர் மணி நேரத்தை முழுங்கிடும்.

*

கடைசியா என் கதை. போன வருஷம் அக்டோபர்ல அதே ராத்திரி வந்துச்சு. இந்த தடவை முன்கூட்டியே மேற்பார்வை பாக்கற அம்மாகிட்ட போய், "நான் காலைல ஏழு மணிக்குக் கிளம்பிடுவேன், எனக்கு அதுவே பத்து மணி நேரம்"னேன். சிரிச்சாங்க, சரின்னாங்க. பக்கத்துல நின்ன போலந்து அண்ணன், "மார்ச்ல ஒரு மணி நேரம் கம்மியா உழைக்கறோம்ல, சரியாப் போச்சு"ன்னார். மார்ச்ல அந்த ராத்திரி ஷிப்ட் பாக்கறவங்களும் அக்டோபர்ல பாக்கறவங்களும் ஒரே ஆளா அண்ணேன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சார்.

ஏழு மணிக்குக் கிளம்பினேன். சம்பளச் சீட்டு வந்துச்சு. 19.00னு போட்டிருந்துச்சு. எதிர்பாத்ததுதான்.

இந்த தடவை பயமில்லாமக் கேட்டேன். ஒரு தாள்ல 21:00, 7:00னு பொது நேரத்தை எழிதிக் காட்டினேன். அந்த அம்மா விரல் விட்டு ரெண்டு தடவை எண்ணிட்டு, பேனாவை எடுத்து "+1"ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாங்க. அடுத்த மாசச் சீட்டுல ஒரு மணி நேரம் தனி வரியா வந்துச்சு. போலந்து அண்ணனும் அன்னைக்கு எட்டு மணி வரைக்கும் நின்ன இன்னும் நாலு பேரும் போய் வாங்கிட்டாங்க.

மென்பொருளை மட்டும் யாரும் மாத்தலை. வர்ற அக்டோபர்லயும் அது எட்டுலேருந்து பத்தைக் கழிச்சுக்கிட்டுதான் இருக்கும். அந்த ராத்திரி ஷிப்ட் பாக்கற நம்மாளுங்க யாராச்சும் இதைப் படிச்சா, சீட்டு வந்ததும் ஒரு தடவை எண்ணிப் பாத்துக்கங்க. விசாக்காரங்க ஷிப்டுக்குப் போறதுக்கு முன்னாடியே எண்ணிக்கங்க.